நாலு ஸ்டிக்கர்

குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.
பெரிச்சிபாளையத்தில் இருபத்திரண்டு வருசம்,
டியூப்லைட்டுக்கு அடியில்
பனியனைத் திருப்பி, இழுத்து, தடவி.
ஓட்டை இருந்தால், எண்ணெய்க்கறை இருந்தால்,
தையல் தாண்டியிருந்தால்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
ஒட்டினால் அவ்வளவுதான்.
ஒன்று காதர்பேட்டை, இல்லாவிட்டால் வேஸ்ட் குடோன்.

இடுப்பு வலியென்று போனவளைக்
கோயமுத்தூர் வரைக்கும் விரட்டினார்கள்.
எலும்புக்குள் ஊசி இறக்கி உறிஞ்சிப் பார்த்து
மைலோமா என்றார்கள்.
கேட்க நூல் கம்பெனிப் பேர் மாதிரி இருந்தது.

டாக்டர் இந்துஜா
டோக்கன் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினாள்.
ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பொடிப் புரதம்,
யுபிகுட்டின்.
எழுபத்தாறே மணி கோத்து
மடித்துச் சுருட்டிய சரடு.
பேக்கரிப் பன்னை உப்பவைக்கிற ஈஸ்ட்டிலும் இதேதானாம்,
மூணு மணி மட்டும் வேறே.
கோணலாய் மடிந்த புரதம், வேலை முடிந்த புரதம்,
எதன் மேலாவது கொண்டுபோய் இதை ஒட்டும் உடம்பு.
ஒன்று ஒட்டினால், பெரும்பாலும், இடம் மாறு என்று அர்த்தம்.
ஒன்றின் வாலில் ஒன்றாய் நாலு சேர்ந்தால்
அரவைக்கு.

"அரைச்சதுக்கப்புறம் ஸ்டிக்கர் என்னாகுமுங்க?"
பேனா நின்றது.
இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.
"உரிச்சு எடுத்துக்குமுங்க. மறுபடி ஒட்டும்."

எங்கள் ஓனர் காதில் இது விழக்கூடாது.

அரைபட்டதும் வீணில்லை.
பல்லடம் மில்லில் கட்டிங் வேஸ்ட்
பஞ்சாகி நூலாகிக் கால்மிதியாவது போல
இன்னொரு புரதத்துக்கு அது மணி.

என் மஜ்ஜையில் ஒரு கூட்டம்
ராப்பகல் ஷிப்ட் போட்டு
ஆர்டரே இல்லாத சரக்கை ஓட்டிக்கொண்டிருக்கிறது.
ஒரே பீஸ், ஒரே சைஸ்.
அத்தனை ஓட்டினால் கழிவும் அத்தனை.
அரவை ஒருநாள் நின்றாலும் தாங்காது அதுகளுக்கு.
அதனால் வாரம் ஒரு ஊசி, வயிற்று மடிப்பில்:
அரவை மெஷின் வாயில் ஒரு கல்.
கழிவு குவியும், கதவை அடைக்கும்,
கம்பெனி மூச்சு முட்டிச் சாகும்.

எனக்கு உடனே புரிந்தது.
வேஸ்ட் லாரிக்காரர்கள் வாடகைத் தகராறில்
ஒன்பது நாள் வராமல் போன வருசம்
மூட்டை ஏறி ஏறி முன்கதவு திறக்காமல்
ஓனர் ஜன்னல் வழியாக வந்தார்,
வெள்ளை வேட்டியோடு.

ஆறாவது ஊசிக்குப் பிறகு ரிப்போர்ட்டில்
ஏதோ எண் பாதியாய் இறங்கியிருந்தது.
இந்துஜா சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.
விரல்நுனி மரத்துப்போயிருந்தது.
நரம்புக்கும் நல்ல செல்லுக்கும் அரவை வேண்டுமே,
ஊசிக்கு அந்த வித்தியாசம் முழுக்கத் தெரியாதாம்.
கண்ணுக்குத் தப்பும் ஊசியோட்டையைத்
தடவிப் பிடித்த விரல் இது.
இன்று சிங்கிள் ஜெர்சியும் ஒன்றுதான்,
இன்டர்லாக்கும் ஒன்றுதான்.

லைன் சூப்பர்வைசர் மயில்சாமி
நான் பாஸ் செய்த பீஸைக் கொண்டுவந்து
விளக்குக்கு நேரே பிடித்தான்.
கழுத்துப்பட்டிக்குக் கீழே ஒரு புள்ளி வெளிச்சம்.
"தெய்வாக்கா" என்றான்.
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் என்னைப் பேக்கிங்கில் போட்டிருந்தார்கள்.
பாலிதீன் பையை விரல்கள் பிரிக்க மாட்டேனென்றன.
எச்சில் தொட்டுப் பிரித்தேன்.

ஊசிக்குப் போகும் பஸ்ஸில், சூலூர் தாண்டி,
முந்தானை ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு.
மேஜையில் கிடந்தது ஒட்டியிருக்கும்,
எங்களில் ஸ்டிக்கர் இல்லாமல் வீடு போகிறவள் யார்?
என்னையறியாமல் எண்ணினேன்.
தோளில், மடிப்பில், பின்னால் கைவிட்டு.

ஒன்று.

நகத்தால் நெம்பி உரித்தேன். நேரம் பிடித்தது.
முன்சீட்டுக் கம்பியில்
ஓரிடம் துருப்பிடித்திருந்தது.
அதன் மேல் ஒட்டினேன்.